மத்தியாஸ் ரீக்கர்லேயின் ஏழு பிள்ளைகள்

1

2025 மார்ச் 12 எனத் திகதியிட்ட கடிதம். இரண்டு பக்கம், ஆங்கிலம், கணினியில் அடித்தது. இணைப்பாகப் பதினொரு பிரதிகள். அனுப்பியவர் பென்சில்வேனியாவில் வசிக்கும் டோரதி என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் நகர வரலாற்றுக் கழகத்துக்கு எழுதியது. என் கைக்கு வந்தது மார்ச் 19, புதன்கிழமை பிற்பகல்.

நகரம் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் ஐம்பது நிமிடம். நெக்கர் ஆற்றின் ஒரு வளைவில், திராட்சைச் சரிவுகளுக்கும் ஒரு இரும்புத் தொழிற்சாலைக்கும் நடுவில் கிடக்கிறது. அந்தத் தொழிற்சாலையில் முப்பத்தொரு ஆண்டு வேலை செய்து ஓய்வு பெற்றேன். இப்போது புதன்கிழமைகளில் நகராட்சிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஆவண அறையில் உட்காருகிறேன். சம்பளம் இல்லை, கோப்பி உண்டு. பழைய ஜெர்மன் கையெழுத்தை வாசிக்க மாலை வகுப்பில் கற்றுக்கொண்டேன். இந்த ஊரில் அதை வாசிக்கக்கூடிய முதியவர்கள் இருவர் மிச்சம். ஒருவருக்குக் கண் போய்விட்டது. ஆகவே கழகத் தலைவர் ஹெர் ப்ரோய்னிங், பழைய தாள் எது வந்தாலும் என் பக்கம் தள்ளிவிடுவார்.

டோரதியின் வேண்டுகோள் எளிமையானது. அவருடைய மூதாதை மத்தியாஸ் ரீக்கர்லே இந்த ஊரில் பிறந்தவர். அமெரிக்கா போனார். புரட்சிக் காலத்தில் பென்சில்வேனியாச் சட்டமன்றத்தில் உறுப்பினரானார். அவருடைய மகள் எலிசபெத்தாவின் வழியில் வந்தவர்கள் இன்று நாற்பது பேர். செப்டம்பரில் அவர்கள் எல்லோரும் இங்கே வருகிறார்கள். மத்தியாஸ் பிறந்த வீட்டுச் சுவரில் ஒரு பலகை வைக்க விருப்பம். பலகையில் எழுதுமுன் குடும்ப விவரங்களை யாராவது சரிபார்த்துத் தருவீர்களா?

இரண்டு நாள் கழித்து மார்ச் 21, வெள்ளிக்கிழமை. நான் இந்த நாட்டில் வந்து இறங்கிய நாள். ஒவ்வோர் ஆண்டும் அன்று பிள்ளைகள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். மகள் நீலாம்பரிக்கு அன்று வேலை. மகன் அரவிந்தன் மட்டும் வந்தான். இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்.

"முப்பத்தொன்பது முடிஞ்சுது அப்பா. அடுத்த வருசம் நாப்பது. மண்டபம் எடுத்துச் செய்வம்."

"உங்கட அப்பா பிளேனால இறங்கினதுக்கு மண்டபமோ?" என்றாள் என் மனைவி ராணி. "கேக்கில என்ன எழுதுறது? அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது எண்டோ?"

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் அது முப்பத்தொன்பது அல்ல, நாற்பது. ராணிக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த கணக்கு அது.

2

1985 மார்ச் 21 காலை கிழக்கு ஜெர்மனியின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினேன். அங்கிருந்து நகர ரயிலில் மேற்கு பெர்லின். அந்த ஆண்டின் நடுப்பகுதியோடு விசா இல்லாத எங்கள் ஆட்களுக்கு அந்த வழி அடைபட்டுப் போனது. பிள்ளைகளுக்கு நான் சொல்லி வைத்திருக்கும் ஆண்டு 1986. எண்பத்தாறு மார்ச்சில் ஒரு யாழ்ப்பாணத்தவன் அப்படி வந்திருக்க முடியாது என்பதை, அந்தக் காலம் பற்றிய ஏதாவதொரு நூலைத் திறந்திருந்தால் அவர்களே பிடித்திருப்பார்கள். திறக்கவில்லை. அப்பா வந்த கதை அவர்களுக்கு ஒரு சாப்பாட்டு நாள். அதைக் குறை சொல்லும் உரிமை எனக்கு இல்லை. அவர்கள் தோண்டாமல் இருந்ததில் நான் நிம்மதியாக இருந்தவன்.

நீலாம்பரி பிறந்தது 1986 நவம்பரில், யாழ்ப்பாணத்தில். அப்போது நான் இங்கே ஒரு அகதி விடுதியில் இருபதாவது மாதத்தைக் கழித்துக்கொண்டிருந்தேன். அவளைப் பெற்றவர்கள் என் அண்ணன் சிவபாலனும் அண்ணி மகேஸ்வரியும். 1987 ஐப்பசியில் சண்டை மூண்டபோது வீட்டின் மேல் ஷெல் விழுந்தது. இருவரும் போய்விட்டார்கள். குழந்தை அன்று ராணியோடு அவளுடைய தாய் வீட்டில் இருந்தது. ராணிக்கும் எனக்கும் கல்யாணமாகி ஓராண்டு நிறையுமுன் நான் புறப்பட்டு வந்திருந்தேன். பிள்ளையை ராணி வைத்துக்கொண்டாள். 1990இல் இருவரும் இங்கே வந்து சேர்ந்தார்கள்.

அவர்களை அழைப்பதற்கான விண்ணப்பத்தில் பிள்ளைக்கு நான்கு பெட்டிகள் இருந்தன: பெற்ற பிள்ளை, தத்துப்பிள்ளை, துணைவரின் பிள்ளை, வளர்ப்புப் பிள்ளை. மொழிபெயர்க்க வந்த பெடியன் கேட்டான், "உங்கட மகள்தானே அண்ணை?" அண்ணன் மகளை மகள் என்று சொல்லாத ஒருவனை எங்கள் பகுதியில் நான் கண்டதில்லை. "ஓம்" என்றேன். முதல் பெட்டியில் புள்ளடி விழுந்தது.

எங்கள் வழக்கத்தின் மேலோ அந்தப் பெடியனின் மேலோ பழியைப் போடலாம். போடமாட்டேன். நான்கு பெட்டிகளும் எனக்கு விளங்கின. மற்ற மூன்றில் எதைத் தொட்டாலும் அவள் வந்து சேர ஆண்டுகள் ஆகும், வராமலே போகவும் கூடும் என்பதும் விளங்கியது. யுத்தத்தில் பிறப்புப் பதிவு எடுக்க ஏலாது என்று ஒரு சத்தியக் கடதாசி கொடுத்தோம். என் கோப்பில் நான் வந்த திகதி ஒரு பக்கத்திலும் அவள் பிறந்த திகதி இன்னொரு பக்கத்திலும் இருந்தன. எந்த அதிகாரியும் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கவில்லை. நான் கழித்தேன். அன்றிலிருந்து கழித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஸ்டுட்கார்ட்டில் எங்கள் ஊரார் பலர் குடியேறினார்கள். நாங்கள் போகவில்லை. பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு, கோயில், சொந்தம் எல்லாம் ஐம்பது நிமிடத் தொலைவில் இருந்தும், தெரிந்தவர் யாரும் இல்லாத இந்த ஆற்று வளைவில் தங்கினோம். ஏன் என்று கேட்டவர்களுக்குத் தொழிற்சாலையைக் காட்டினேன். நீலாம்பரி நான்காம் வகுப்பில் குடும்ப மரம் வரையவேண்டி வந்தபோது, "அப்பா எப்ப இஞ்ச வந்தனீங்கள்?" என்று பென்சிலும் கையுமாகக் கேட்டாள். "எண்பத்தாறு" என்றேன். அவள் எழுதிக்கொண்டாள்.

3

மத்தியாஸைப் பற்றி நம்பத்தகுந்ததாகத் தெரிந்ததை முதலில் எழுதி வைக்கிறேன்.

ஒரு நெசவாளியின் மூத்த மகன். இவ்வூர்த் தேவாலயப் பதிவேட்டில் அவனுடைய ஞானஸ்நானமும், நான்கு ஆண்டு பிந்தி அவனுடைய தம்பி காஸ்பருடையதும் இருக்கின்றன. அண்ணனுக்குப் பத்தொன்பதும் தம்பிக்குப் பதினைந்தும் இருக்கும்போது இருவரும் ஊரைவிட்டுப் போக அனுமதி கேட்டிருக்கிறார்கள். அமெரிக்கா சுதந்திரம் அடைவதற்கு இரண்டு தசாப்தங்களுக்கு முந்திய காலம். அன்றும் இங்கே புறப்படுவதற்கு மனு, மனுவுக்குச் சான்று, சான்றுக்கு முத்திரை எல்லாம் இருந்தன. அந்தத் தாளை வாசித்தபோது எனக்கு வரிசையில் நின்ற கால் வலித்தது.

ரைன் ஆற்றின் வழியே ரோட்டர்டாம், அங்கிருந்து கப்பலில் பிலடெல்பியா. பயணக் கூலி கொடுக்க இல்லாதவர்களை அங்கே நான்கைந்து ஆண்டு வேலைக்கு எழுதி எடுப்பார்கள். மத்தியாஸ் நான்கு ஆண்டு ஒரு மாவாலையில் கட்டுண்டு வேலை செய்தார். பிறகு அந்த ஆலையையே குத்தகைக்கு எடுத்தார். காஸ்பர் தறியை விடவில்லை.

புரட்சி வந்தபோது மத்தியாஸ் உள்ளூர்க் குழுவில் இருந்தார். பின்னர் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆண்டுக்கொரு தேர்தல்; மூன்று முறை போனார். ஆங்கிலம் அவருக்குச் சரியாக வரவில்லை என்று டோரதியின் குடும்பத்தில் சொல்வார்களாம். இருக்கலாம். சட்டமன்ற நடவடிக்கைகளை அப்போது ஜெர்மன் மொழியிலும் அச்சிட்டார்கள். ஒரு பாலத்துக்காக மனு கொடுத்ததும் சில வாக்கெடுப்புகளும் தவிர அவர் பேசியதாக எதுவும் கிடைக்கவில்லை. அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் வந்தபோது அவர் எதிராக வாக்களித்தார். நான்கு ஆண்டு தானே விற்கப்பட்டிருந்தவர்.

"இது பலகைக்கு வேண்டாம்," என்றார் ஹெர் ப்ரோய்னிங். அவர் ஓய்வுபெற்ற அஞ்சல் அதிகாரி. எல்லாம் உரிய உறையில் இருக்கவேண்டும் அவருக்கு. "விருந்தாளிகளை வாசலில் வைத்து அடிக்கக்கூடாது. குறிப்பில் எழுதுங்கள். குறிப்பை யாரும் வாசிக்கமாட்டார்கள்."

உயிலின் பிரதியில் தன் ஏழு பிள்ளைகளையும் மூப்பு வரிசையில் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார். மூன்றாவது எலிசபெத்தா. நான்காவது டேனியல். எல்லோருக்கும் சமபங்கு.

4

ஏப்ரல் முதல் கிழமைகளில் பிள்ளைகளின் ஞானஸ்நானங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டோரதி அனுப்பிய குடும்ப வேதாகமத்தின் முன்பக்கப் பிரதியில் எலிசபெத்தாவுக்கும் டேனியலுக்கும் இடையில் பதினேழு மாதம். பென்சில்வேனியாவின் ஜெர்மன் தேவாலயப் பதிவேட்டுப் பிரதியில் ஐந்து மாதமும் ஒன்பது நாளும்.

பாதிரியார் ஆண்டைப் பிழையாக எழுதியிருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். முன்னும் பின்னும் பதினான்கு பதிவுகளைப் பார்த்தேன். திகதிகள் ஒழுங்காக நடந்து வந்தன. பிறகுதான் பெற்றோர் நிரலை வாசித்தேன். எலிசபெத்தா: தகப்பன் காஸ்பர், தாய் மார்கரெத்தா. அங்கிருந்து பக்கங்களைத் தள்ளினால், எட்டு மாதம் கழித்து ஒரே கிழமையில் இரண்டு அடக்கம். காய்ச்சல். காஸ்பர், அடுத்து அவன் மனைவி.

வேதாகமப் பக்கத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்தேன். எலிசபெத்தாவின் பிறந்த ஆண்டில் கடைசி எண் இருந்த இடத்தில் தாள் சுரண்டப்பட்டிருந்தது. அதன்மேல் எழுதிய எண்ணில் மை பரவியிருந்தது. ஒரேயோர் ஆண்டு முன்னுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. டேனியலுக்கும் அவளுக்கும் இடையில் ஒரு தாய் தாங்கக்கூடிய இடைவெளி வேண்டுமே.

எழுந்து கோப்பி இயந்திரத்தடிக்குப் போனேன். கோப்பி எடுக்காமல் திரும்பி வந்தேன். அந்த எண்ணைச் சுரண்டியவர் மத்தியாஸா, அவருடைய மனைவியா, எலிசபெத்தாவே வளர்ந்தபின் செய்தாரா என்று தாள் சொல்லாது. ஆனால் வேலையை நான் அறிவேன். ஒரே ஒரு எண். அதற்கு மேல் எதையும் மாற்றத் தேவையில்லை.

ஹெர் ப்ரோய்னிங்கிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் மூக்கைத் தடவினார். "அப்படியானால் டோரதி அம்மையார்…"

"மத்தியாஸின் தம்பி வழி."

"காஸ்பர் என்ன ஆனார்?"

"நெசவு செய்தார். செத்துப்போனார்."

"அதற்குப் பலகை வைக்க முடியாதே," என்றார் வருத்தத்தோடு.

5

ஏப்ரல் 27, ஞாயிற்றுக்கிழமை. நீலாம்பரி வந்தாள். அவள் ஸ்டுட்கார்ட்டில் ஒரு மருத்துவமனையில் பிரசவம் பார்க்கும் மருத்துவிச்சி. டொபியாஸ் என்ற பள்ளி ஆசிரியரோடு ஏழு ஆண்டாக ஒன்றாக வாழ்கிறாள். ஆகஸ்டில் பதிவுத் திருமணம் என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். முப்பத்தெட்டு வயதில் மகள் தானாகச் சொன்ன செய்தி. ராணி அழுதே விட்டிருந்தாள். அன்று வந்தவள் கைப்பையை வைக்குமுன் திருமணப் பதிவு அலுவலகத்தைத் திட்டத் தொடங்கினாள்.

"ஸ்டாண்டஸாம்டில போய்க் கதைக்க ஒரு டெர்மின் எடுக்கவே ஆறு கிழமை. போனா, அந்த மனுசி என்ர பழைய சத்தியக் கடதாசியைத் தூக்கிப் பாத்திட்டு இது போதாதாம். இப்ப சண்டை இல்லைத்தானே, புதுசா எடுத்த பிறப்புப் பதிவுப் பிரதி வேணுமாம்."

"பேந்து?" என்றேன்.

"பேந்தென்ன, இன்ரநெற்றில பிரதி கேட்டு அன்ராக் போட்டிட்டன். யாழ்ப்பாணத்தில பதிவுப் புத்தகம் இருக்காம். நாலு கிழமைக்குள்ள என்ர வீட்டுக்கே தபால்ல வருமாம். பாத்தீங்களே, முப்பது வருசமா ஏலாது ஏலாது எண்டனீங்கள்."

ராணி அடுப்படியில் எதையோ கீழே போட்டாள். உடைகிற சாமான் இல்லை.

நான்கு கிழமை. அந்தப் பிரதியில் தகப்பன் என்ற கட்டத்தில் அண்ணனின் பெயர் இருக்கும். உறையை அவள் தன் வீட்டு வாசலில் நின்று பிரிப்பாள். டொபியாஸ் பக்கத்தில் நின்று, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பான். அதைச் சொல்லாமல், டோரதிக்கு எழுதிய கடிதத்தின் வரைவை எடுத்து நீட்டினேன். ஜெர்மனில் எழுதியிருந்தேன், அவள் ஆங்கிலமாக்கித் தருவதாக ஏற்கெனவே பேச்சு. வேறு எதையாவது அவள் கையில் கொடுத்துவிடவேண்டும் போலிருந்தது. அதைவிட மோசமான ஒன்றை நான் கொடுத்திருக்க முடியாது.

அவள் பேனையோடு வாசித்தாள். இரண்டாம் பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, இஞ்ச பிழை. அஞ்சு மாசம் ஒன்பது நாள் எண்டு போட்டிருக்கிறியள்."

"பிழையில்லை."

"ஒரு மனுசி அஞ்சு மாசத்தில ரெண்டாவதையும் பெத்துப்போடுமோ? என்ர வார்ட்டில வந்து சொல்லிப் பாருங்கோ. கட்டிலைப் போட்டு உங்களைப் படுத்திவிடுவினம்."

"ரெண்டு பிள்ளைக்கும் தாய் வேற. கீழ வாசி."

வாசித்தாள். "ஓ," என்றாள். பேனையை வைத்துவிட்டு, "தம்பியின்ர பிள்ளையைத் தன்ர பிள்ளையா வளத்திருக்கிறார். நல்ல மனுசன்."

"அதை எழுதி அனுப்பத்தான் வேணுமோ?" என்று ராணி கதவடியில் வந்து நின்றாள். கையில் துடைப்புத் துணி. "அந்த மனுசிக்கு எழுவது வயசு தாண்டியிருக்கும். நாப்பது சனம் சந்தோசமா வருகுது. இருநூற்றைம்பது வருசத்துக்கு முந்திச் செத்ததுகளை இப்ப ஏன் எழுப்புறியள்?"

"விடேலாதம்மா. ஆரின்ர பிள்ளை எண்டு அவவுக்குத் தெரியத்தானே வேணும். ஒரு ஆண்டைச் சுரண்டிப் போட்டு எத்தினை பரம்பரையை ஏமாத்தியிருக்கினம்."

"ஏமாத்து எண்டு சொல்லாதை."

"பேந்தென்னண்டு சொல்லுறது?"

ராணி திரும்பி உள்ளே போய்விட்டாள். நீலாம்பரி என்னைப் பார்த்து, "இவவுக்கு என்ன வந்தது?" என்று கேட்டாள். நான் சோர்வாக இருக்கும் என்றேன். அவள் ஆங்கிலத்தை நேர்த்தியாக எழுதி முடித்து, கடைசிப் பத்தியில் தன் சொந்த யோசனையாக ஒரு வசனம் சேர்த்தாள்: எலிசபெத்தா ஏழு பேரில் ஒருத்தியாகவே எண்ணப்பட்டாள், பங்கும் சமமாகவே பெற்றாள் என்று. கடிதத்தை மறுநாள் அனுப்பினேன்.

6

மே 4, ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் ஸ்டுட்கார்ட்டில் அவள் வீட்டுக்குப் போனோம். இடத்தைத் தீர்மானித்தவள் ராணி.

"எங்கட வீட்டில வைச்சுச் சொன்னா அவள்தான் எழும்பிப் போகவேணும். அவளிட வீட்டில எண்டா நாங்கள் எழும்பி வரலாம்."

ரயிலில் முப்பது நிமிடம் போனபின் சொன்னாள், "பெத்த பிள்ளை மாதிரி வளத்தனாங்கள் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. மாதிரி எண்ட சொல்லு உங்கட வாயில வரக்கூடாது." நான் தலையாட்டினேன். அந்தப் பயணத்தில் நான் மனத்துக்குள் எழுதிப் பார்த்த வசனங்கள் அத்தனையிலும் அந்தச் சொல் இருந்தது.

டொபியாஸ் சைக்கிளில் வெளியே போயிருந்தான். நல்லதாய்ப் போனது. தேத்தண்ணி வந்தது. நான் திகதிகளிலிருந்து தொடங்கினேன். வேறு வழி எனக்குத் தெரியாது. 1985 மார்ச் 21. 1986 நவம்பர். அவள் ஒரு நொடியில் கழித்துவிட்டாள். அவளுடைய தொழில் அது.

"எண்பத்தாறு எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"அது நான் மாத்தினது."

"ஏன்?"

சொன்னேன். சுவரில் எங்கள் வீட்டிலிருந்து அவள் கேட்டு வாங்கி வந்த படம் இருந்தது: பெரியப்பா, பெரியம்மா என்று அவள் அறிந்திருந்த இருவர். ஒவ்வோர் ஐப்பசியிலும் அவர்களுக்கு அவள் ஒரு விளக்கு வைப்பாள். அந்தப் படத்தைக் காட்டினேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை. ராணியைப் பார்த்தாள்.

"நீங்கள் என்னைப் பெறேல்லையோ?"

"இல்லை," என்றாள் ராணி.

நான் எதிர்பார்த்தது அழுகை. வந்தது கேள்விகள். எந்த ஆஸ்பத்திரி? சுகப்பிரசவமோ வெட்டோ? எத்தனை கிலோ? எத்தனையாம் கிழமை? பார்த்த மருத்துவிச்சி ஆர்? ஒரு வார்ட்டில் புதிதாகச் சேர்த்த பெண்ணிடம் கேட்பதுபோல் கேட்டாள். ஆஸ்பத்திரி எது என்பது மட்டும் ராணிக்குத் தெரிந்திருந்தது. மற்றவை எங்கள் இருவருக்கும் தெரியாது.

"உங்கட ஊர் நெசவுகாரன்ர அடக்கத் திகதி தெரியும். என்ர நிறை தெரியாது."

"தெரியாது பிள்ளை."

"அந்தக் கடிதத்தை என்னைக் கொண்டு எழுதுவிச்சனீங்களேயப்பா. நானும் இருந்து இங்கிலிஷ் திருத்தினன். 'ஏமாத்தியிருக்கினம்' எண்டு சொன்னனான். நீங்கள் பக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள்."

நாங்கள் பெறாததைவிட, மறைத்ததைவிட, அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவளை அதிகம் சுட்டது என்று அப்போதே விளங்கியது.

"இனி உங்களை என்னெண்டு கூப்பிடுறது? சித்தப்பா எண்டோ? இவவைச் சித்தி எண்டோ?"

"கூப்பிட்டுப் பார்," என்றாள் ராணி. முப்பத்தைந்து ஆண்டில் அவள் மகளிடம் அப்படியொரு குரலில் பேசி நான் கேட்டதில்லை. "ஒருக்கா கூப்பிட்டுப் பாரடி."

நீலாம்பரி கூப்பிடவில்லை. குவளைகளை எடுத்து அடுக்கினாள். "இப்ப வெளிக்கிடுங்கோ ரெண்டு பேரும். டொபி வரப்போறான்," என்றாள். கதவைச் சாத்துமுன் ராணியின் கழுத்துத் துண்டை எடுத்து வந்து கையில் கொடுத்தாள். ராணி அதை மறந்துவிட்டுப் போயிருந்தாள்.

7

ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் அவள் வரவில்லை. அவற்றில் மூன்று மழை.

மே 13 அன்று ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். அதற்கு முன் இரண்டு முறை அவருடைய வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறேன். பெற்ற குடியுரிமையைப் பத்து ஆண்டு தாண்டியபின் பறிக்க முடியாது, பதிவுகளைத் திருத்த மனுப் போடவேண்டிவரும், திருமணத்துக்கு அது தடையாகாது என்றார். முப்பத்தைந்து ஆண்டு நான் சுமந்த பயத்துக்கு அவர் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். வெளியே வந்து ஆற்றங்கரையில் நின்றேன். இலேசாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை. பயந்தது அதிகாரிகளுக்கு என்றுதான் இத்தனை காலமும் எனக்கே சொல்லி வைத்திருந்தேன்.

அரவிந்தனிடம் அக்காவே சொல்லிவிட்டாள். அவன் தொலைபேசியில் எடுத்து, "அப்ப நாப்பது முடிஞ்சு போச்சோ?" என்று கேட்டான். பிறகு, "அவ என்ர அக்காதானே அப்பா?" என்றான். முப்பத்து மூன்று வயதுப் பெடியன். "ஓம்" என்றேன்.

மே 28 அன்று டோரதியின் மறுமொழி மின்னஞ்சலில் வந்தது. நான்கு வரி. கடிதத்தைக் குடும்பத்தாருக்கு அனுப்பிவிட்டாராம், இரண்டு பேர் கோபித்துக்கொண்டு பயணத்தை விட்டுவிட்டார்களாம், மற்றவர்கள் வருகிறார்கள். பலகையில் இரண்டு சகோதரர்களின் பெயரும் வேண்டும். காஸ்பர் எப்படிப்பட்ட ஆள் என்று ஏதாவது தெரியுமா? தெரியாது என்று எழுதினேன். ஹெர் ப்ரோய்னிங் இரண்டு பெயர் கொள்ளும் பலகைக்கு அளவெடுக்கப் போயிருக்கிறார்.

ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றரைக்கு மணி அடித்தது. நீலாம்பரி தனியாக வந்திருந்தாள். "அம்மா, சாப்பாடு இருக்கோ?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். ராணி அரிசியைக் கழுவப் போனாள், கழுவிக்கொண்டே இருந்தாள்.

நீலாம்பரி மேசையில் ஒரு உறையை வைத்தாள். பிறப்புப் பதிவுப் பிரதி. மே 22 அன்றே வந்துவிட்டதாம். பழைய புத்தகத்தின் பக்கத்தை அப்படியே படியெடுத்திருந்தார்கள்: பிறந்த நாள், இடம், தகப்பன் பெயர், தாய் பெயர், பிள்ளையின் பெயர் நீலாம்பரி. கீழே, பிறப்பை அறிவித்தவரின் கையெழுத்து. அண்ணனுடையது. கடைசி எழுத்தை இழுத்து அடியில் ஒரு கோடு போடுவான், போட்டிருந்தான். நாற்பது ஆண்டுக்குப் பிறகு அவனுடைய கையை அங்கே பார்த்தேன்.

"எனக்கு ஒண்டுதான் தெரியவேணும்," என்றாள். "நீலாம்பரி எண்டு பேர் வைச்சது ஆர்? அவரோ, அவவோ?"

"மகேஸ் அக்காவாத்தான் இருக்கும்," என்றாள் ராணி. "அவ பாட்டுப் பழகினவ. அது ராகத்தின்ர பேர்தானே."

"அவ எங்க பழகினவ? அண்ணைதான் ரேடியோவைக் காதுக்குள்ள வைச்சுக்கொண்டு திரியிறவர்."

"நீங்கள் அப்ப ஊரிலயே இல்லை. உங்களுக்கென்ன தெரியும்?"

"உனக்குத் தெரிஞ்சா நிச்சயமாச் சொல்லு."

அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

தெரிந்திருக்கக்கூடியவர் ஒருவர் இருக்கிறார். அண்ணியின் அக்கா பூமணி; டொரொன்டோவில் இருக்கிறார். எண்பது வயது தாண்டிவிட்டது. ராணியும் பிள்ளையும் புறப்படும்போது, பிள்ளைக்குத் தெரியாமல் வளர்ப்பதானால் நான் இடையில் வரமாட்டேன் என்று சொன்னவர். சொன்னபடியே வராமல் இருந்தார். நாங்களும் அதை வசதியாக எடுத்துக்கொண்டு முப்பத்தைந்து ஆண்டு ஒரு தொலைபேசி அழைப்பும் எடுக்கவில்லை. ஒரு உறவினர் மூலம் ராணி இலக்கத்தைத் தேடி எடுத்தாள். நீலாம்பரி எங்கள் மேசையில் இருந்தே அழைத்தாள். எல்லோரும் கேட்கும்படி வைத்தாள். அடித்து அடித்து நின்றது. தகவலைப் பதியச் சொல்லி ஒரு இயந்திரக் குரல் ஆங்கிலத்தில் கேட்டது.

அவள் தொண்டையைச் செருமினாள். ஜெர்மன் ஏறிய தமிழில், பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளைபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"பெரியம்மா, நான் நீலாம்பரி. மகேஸ்வரியின்ர மகள். ஜெர்மனியில இருந்து கதைக்கிறன். ஏலுமெண்டா எடுங்கோ."

கைபேசியை மேசையில் வைத்தாள். சோறு கொதித்துப் பொங்கி அடுப்பில் ஊற்றியது. ராணி ஓடினாள்.

இன்று ஜூன் 18, புதன்கிழமை. டொரொன்டோவிலிருந்து மறுமொழி வரவில்லை. பெயர் வைத்தவர் அண்ணனா அண்ணியா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படவில்லை.